இருபத்திரண்டு நீலக் கோட்டுகள்

அவளுக்கு ஓட்டுநர் வைத்த பெயர் நாப்பது. பஸ் எந்த இடத்தில் நின்றாலும், கதவு திறக்கும் முன்பே எழுந்து நின்று "நாப்பது நிமிஷம்" என்று சொல்லிவிடுவாள். அருவிக்கு நாற்பது நிமிடம். அணைக்கு நாற்பது நிமிடம். வௌவால் குகைக்கும் அதே நாற்பது. பழைய ரயில் எஞ்சின் ஒன்றைத் துடைத்து நிறுத்தியிருந்த தகரக் கொட்டகைக்கும் அதே நாற்பது. எஞ்சினைப் பார்க்க நான்கு நிமிடம் போதும், அருவியைப் பார்க்க ஒரு நாள் போதாது. ஆனால் ஒரே நாளில் ஆறு இடங்கள் என்று நோட்டீஸில் அச்சடித்தாகிவிட்டது. அச்சில் ஏறியதைப் பதினான்கு வருடமாக அவள் நிறைவேற்றி வந்தாள்.

அது வேலையால் வந்த அவசரம் இல்லை. அதற்கு முன் ஆறு வருடம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில், சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, பொத்தான் சரியாகத் தைத்திருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கும் வேலை அவளுக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் எதுவும் சொல்லாதபோதே, ஸ்டூலைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அவளிடம் கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. ஓடுகிறவர்கள் எல்லாரும் எதையோ தேடித்தான் ஓடுகிறார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். சிலருக்கு உட்கார்ந்தால் வலிக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டிலும் அப்படியே. சமையலறை நிலைப்படியில் சாய்ந்தபடி, தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். அவள் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுவார்.

"கால்ல கட்டியிருக்கிற சக்கரத்தக் கொஞ்சம் கழட்டி வெச்சுட்டுச் சாப்பிடேன்" என்பார்.

"கழட்டினா மறுபடி மாட்ட நேரமாவும்" என்பாள்.

அந்த வருடம் அவள் மேல் இரண்டு புகார்கள் வந்திருந்தன. முதல் கடிதத்தில், "சாப்பிடும்போது தட்டைப் பிடுங்காத குறைதான்" என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். இரண்டாவது, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி எழுதியது: "எங்கள் எல்லாப் படங்களிலும் பின்னால் இந்த அம்மா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டு நிற்கிறார்." முதலாளி இரண்டையும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருந்தார்.

"இன்னொண்ணு வந்துச்சுன்னா உங்கள வண்டியில அனுப்ப முடியாதும்மா. உள்ள புக்கிங் கவுண்டர்ல ஒக்காந்துக்கங்க. புது நாற்காலி. குஷன் வெச்சது. பயப்படாதீங்க."

குஷன் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை.

அடுத்த வாரம் பஸ்ஸில் இருபத்திரண்டு பேர். முதல் இடம் அருவி. சாரல் பஸ் நிற்கும் இடம்வரை அடிக்கும் என்பதால், இறங்கும்போதே ஆளுக்கொரு நீல பிளாஸ்டிக் மழைக்கோட்டு கொடுப்பது அவள் கம்பெனி வழக்கம். பக்கத்தில் வேறொரு கம்பெனியின் பஸ் நின்றிருந்தது. அவர்கள் கோட்டு மஞ்சள். கோட்டின் தலைமூடியை இழுத்துவிட்டால் உள்ளே இருப்பது கிழவரா குமரியா என்று கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க வேண்டிய தேவையும் அவளுக்கு இருந்ததில்லை. முப்பத்தைந்தாவது நிமிடம் விசிலை ஊதினாள். படியோரம் நின்று, ஏறிய நீலத்தை எண்ணினாள். இருபத்திரண்டு.

"ரைட்" என்றாள். பஸ் கிளம்பியது.

மலை வளைவுகள் முடிந்து, சாரல் நின்ற பிறகு, கோட்டுகளைக் கழற்றி வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டே வந்தாள். பதினான்காம் எண் இருக்கையில் தலைமூடியை விலக்கியவள் உருண்டை முகமும் சிவப்புக் கம்மலுமாக இருந்தாள். காலையிலிருந்து ஒருமுறைகூடப் பார்த்த முகமில்லை.

"நீங்க யாரு?"

"பல் டாக்டர் கிட்ட டோக்கன் குடுக்கிறவ" என்றாள் அந்தப் பெண், பிஸ்கட்டைக் கடித்தபடி.

"அதக் கேக்கல. இந்த வண்டியில எப்படி?"

"மாத்திக்கிட்டோம். நானும் உங்க ஆளும். துணி மாத்துற ரூம்ல பேசிட்டிருந்தோம். எங்க வண்டி சாயங்காலம் வரைக்கும் அங்கயே கெடக்குமாம். ஒக்காந்து பாக்கணுமாம். எத்தன நேரம்தான் தண்ணி விழறதையே பாக்குறது? விழுந்துட்டேதான இருக்கு. அவங்களுக்கு என்னடான்னா நாப்பது நிமிஷம் பத்தலையாம். சரி, நீங்க என் கோட்டப் போட்டுக்கங்க, நான் உங்க கோட்டப் போட்டுக்கறேன்னேன். எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும், உங்க கைடு மூஞ்சியப் பாக்க மாட்டாங்கன்னு அவங்கதான் சொன்னாங்க."

நாப்பதுக்குச் சாக்கு கையிலிருந்து நழுவியது. ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"என்ன நாப்பது, ஆள் கொறையுதா?"

"கொறையல. ஆள் வேற."

அவர் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

காணாமல் போனவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள் என்று பயணிகள் பட்டியலில் இருந்தது. கைப்பேசியில் அழைத்தாள். நான்காவது முறைதான் எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"நான் கைடு பேசுறேன். எங்கம்மா இருக்கீங்க?"

"ஓ, நீங்களா. இங்கதான், பாறை மேல. நீங்க போய்ட்டு வாங்கம்மா."

"இப்படி வண்டி மாறலாமா? வழுக்கி விழுந்தீங்கன்னா யாரு பதில் சொல்றது?"

"ரெண்டு வருஷத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் லீவு குடுத்தாங்க. நாள் பூரா மெஷின் சத்தம். தண்ணி சத்தத்துல கொஞ்சம் ஒக்காந்துட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க விசில் ஊதுனதும் எனக்கு ஷிப்ட் சங்கு ஊதுன மாதிரி இருந்திச்சு." பிறகு ஏதோ சொன்னாள், அது இரைச்சலில் போய்விட்டது.

மற்ற பஸ்ஸின் கைடிடமும் பேசினாள். அவன் இப்போதுதான் தூங்கி எழுந்த குரலில், "எங்க கணக்கு சரியா இருக்கே மேடம், முப்பத்தொண்ணு" என்றான். அவனும் மஞ்சளைத்தான் எண்ணியிருந்தான்.

திரும்பிப் போக வழியில்லை. மீதி இருபத்தோரு பேருக்கு ஐந்து இடங்கள் பாக்கி. அடுத்தடுத்த இடங்களில் அவளால் ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை. குகை வாசலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே போய்வந்து போய்வந்து, சரளைக்கல்லில் ஒரு தடமே போட்டாள். புகார் வரும், வராமல் இருக்காது. அதற்குக்கூட அவள் அவ்வளவாகப் பதறவில்லை. அந்தப் பெண் பாறையில் வழுக்கித் தண்ணீரோடு போயிருந்தால்கூட, தான் படியோரம் நின்று இருபத்திரண்டு என்று எண்ணிவிட்டு, 'ரைட்' சொல்லியிருப்போம் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

வந்து ஏறியவளோ ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். அணையில் இருபது நிமிடத்திலேயே திரும்பிவந்து, "அடுத்தது எங்க? கெளம்பலாமா?" என்று கேட்டாள். தன்னைப் போலவே ஒருத்தியை இவ்வளவு அருகில் பார்ப்பது நாப்பதுக்கு அவ்வளவு சுகமாக இல்லை.

மலைமுனையில் பெரிய தூரக்கண்ணாடி ஒன்று இருந்தது. பயணிகள் பார்த்து முடித்ததும் அவளும் குனிந்து பார்த்தாள். பள்ளத்தாக்குக்கு அப்பால் அருவி தெரிந்தது. சுவரில் வழிந்த சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அதன் கீழே மஞ்சளாகச் சில புள்ளிகள். அதில் எது அவள் என்று தெரியவில்லை. கண்ணை எடுக்காமல் எவ்வளவு நேரம் பார்த்தாளோ.

"மேடம், நாப்பது நிமிஷம் தாண்டிருச்சு" என்று யாரோ சொன்னபோதுதான் நிமிர்ந்தாள்.

மாலையில் இரண்டு பஸ்களும் ஒரே நிலையத்துக்குத்தான் திரும்பின. சலவைக்காரப் பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி இன்னும் ஈரம். மஞ்சள் கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"கோவமா?" என்றாள்.

"ரொம்ப."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஒண்ணும் வராது."

"அங்க அவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க?" நாப்பதுக்கு அது நிஜமாகவே தெரியவில்லை.

அவள் யோசித்தாள். "ஒண்ணும் பண்ணல" என்றாள்.

டோக்கன் கொடுப்பவள் இருவரிடமும் விடைபெற்று, "அடுத்த தடவ நேரா உங்க வண்டிலயே வர்றேன், நாப்பது மேடம்" என்று வேகமாகப் போனாள். ஓட்டுநர் சாவியைச் சுழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "ஏறினது இருபத்திரண்டு, எறங்கினது இருபத்திரண்டு. முதலாளி ஆபீஸ்ல இருக்காரு. வாயத் தொறக்காதீங்க. சும்மா கெடக்குற சங்க ஊதி ஏன் கெடுக்குறீங்க?"

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அவள் நிலையத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். நான்காவது சுற்றில் ஆபீஸ் கதவைத் தள்ளினாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், கோட்டு நிறம் உட்பட. முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"புகார் குடுத்தாங்களா?"

"இல்ல. அவங்க குடுக்க மாட்டாங்க. நான்தான் குடுக்கறேன்."

"உங்க மேல நீங்களேவா?"

"எழுதித் தரணுமா?"

"வேணாம்மா." அவர் கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு அடியில் இருந்த கடிதங்களையே பார்த்தார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன். சொன்னப்புறம் வண்டியில அனுப்பினேன்னா, நாளைக்கு நெஜமாவே ஒருத்தர் விழுந்தா என் மொகத்த எங்க வெச்சுக்கறது? திங்கக்கெழமைலேர்ந்து கவுண்டருக்கு வந்துருங்க."

வீட்டில் சொன்னபோது கணவர் மகிழவில்லை. வருடக்கணக்காக அவர் கேட்டது இதைத்தான். ஆனாலும் தட்டுடன் நிலைப்படியில் நின்றவளைப் பார்த்து, "எட்டு நாள் தாங்க மாட்ட" என்றார். அதில் கேலி இல்லை.

தாங்கினாள் என்று சொல்ல முடியாது. கவுண்டரில் அவளுக்குக் கொடுத்த குஷன் நாற்காலியில் இப்போது நோட்டீஸ் கட்டுகள் அடுக்கியிருக்கின்றன. அவள் நின்றுகொண்டுதான் சீட்டுக் கொடுக்கிறாள். அருவியில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்பவர்களிடம், "நாப்பது நிமிஷம். ஒக்காந்து பாக்கணும்னா இந்த வண்டி வேணாம், பக்கத்து கம்பெனிக்குப் போங்க" என்று சொல்லிவிடுகிறாள். முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்துவிட்டு, ஆறு இடத்தை நான்காகக் குறைத்துப் புது நோட்டீஸ் அடித்தார். எஞ்சின் கொட்டகை போய்விட்டது. யாரும் அதைத் தேடவில்லை.

மனம் அடங்கியதா என்றால் இல்லை. காலையில் பஸ் கிளம்பும் நேரம் வந்தால் அவளால் கவுண்டருக்குள் இருக்க முடிவதில்லை. வெளியே வந்துவிடுவாள். புதிய கைடு படியோரம் நின்று, தலையை எண்ணி, "ரைட்" சொல்ல வாயெடுக்கும்போது கையைக் காட்டி நிறுத்துவாள். பட்டியலோடு உள்ளே ஏறி, முதல் இருக்கையிலிருந்து ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு, டிக் போட்டுக்கொண்டே போவாள். யார், என்ன வேலை, எதற்காக வந்தார்கள் என்றும் சில நாள் கேட்பாள். ஒருமுறை பதினோராம் இருக்கையில் இருந்தவர், தன் வீட்டுக்காரி வேண்டாமென்று சொல்லியும் வந்த கதையை விவரமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

"அடிங்க, அடிங்க" என்றாள் திரும்பாமலே. "சொல்லுங்க சார், அப்புறம்?"