பொன்னுக்கு வீங்கியும் மூன்றாவது மெமோவும்

போலீஸ் வேலையில் தொப்பி சாயலாம், தொப்பை சரியலாம். முகம் மட்டும் மறையக் கூடாது. எழுபதுகளில் நான் பாலக்கோட்டில் கான்ஸ்டபிள். டியூட்டியில் முகமும் நெஞ்சிலிருக்கும் நம்பரும் பொதுமக்களுக்குத் தெரிய வேண்டும் என்பது எங்கள் இன்ஸ்பெக்டரின் கண்டிப்பான உத்தரவு. மீறினால் மெமோ. மூன்று மெமோ சேர்ந்தால் ஏட்டுப் பதவி உயர்வு அம்பேல். காக்கி போட்ட சகோதரர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

புழுதி

ஆலைக்குக் கரும்பு வண்டிகள் போகும் பருவம். சந்திப்பில் அரை மணி நின்றால் மூக்கெல்லாம் மண். கைக்குட்டையை எடுத்து மூக்கோடு சேர்த்துக் கட்டினேன். அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் ஜீப் வந்தது. முதல் மெமோ. பார்த்துக்கொண்டிருந்த வண்டிக்காரர் கேட்டார்: "மாட்டுக்கே வாய்க்கூடை போடறோம், உங்களுக்கு அதுகூட இல்லீங்களா?"

மஃப்ளர்

மார்கழிக் குளிரில் சந்தைக் காவல். நாங்கள் மூன்று கான்ஸ்டபிள்களும் கண் மட்டும் தெரிய மஃப்ளர் சுற்றியிருந்தோம். எங்களில் ஒருவர், வழியை அடைத்ததென்று ஒரு விவசாயியின் சைக்கிளைப் பள்ளத்தில் தள்ளிவிட்டார். விவசாயி ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் எங்களை வரிசையாக நிறுத்தி, "இதுல யாருய்யா?" என்றார். தள்ளியது யாரென்று எனக்குத் தெரியும், விவசாயிக்குத் தெரிய வழியில்லை. எனக்கே வெட்கமாகப் போயிற்று. மூவருக்கும் மெமோ வாங்கிக் கொடுத்தது அவருடைய பதில்: "மூஞ்சியப் பாக்கலீங்க, மூணு பேரும் மஃப்ளராத்தான் இருந்தாங்க."

சங்கிலி

அடுத்த மாதமே என் இரண்டு கன்னமும் வீங்கின. பொன்னுக்கு வீங்கிக்குப் பொன்தான் வைத்தியம் என்று என் மனைவி சரோஜா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். லீவு கேட்டேன்; இன்ஸ்பெக்ஷன் முடியட்டும் என்றார் ஸ்டேஷன் ரைட்டர். கன்னத்தையும் கழுத்தையும் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு அணிவகுப்பில் நின்றேன். மூன்றாவது மெமோ வந்தால் ஏட்டுப் பட்டை கையை விட்டுப் போய்விடும்.

இன்ஸ்பெக்டர் நேராக என்னிடம் வந்தார். "அவுருய்யா துண்டை!"

அவிழ்த்தேன். அவர் கண்ணில் முதலில் பட்டது சங்கிலி. "யார் வூட்டுச் செயின்யா இது?"

"சம்சாரத்துதுங்கய்யா. பொன்னுக்கு வீங்கிங்க."

நாலெட்டு பின்னால் போனவர், தன் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு கத்தினார்: "எனக்கு இன்னும் வந்ததில்லைய்யா! மூடு, மொதல்ல மூடு!"

அன்றைக்கு டியூட்டியில் முகத்தை மூடிய போலீஸ்காரர்கள் இரண்டு பேர். இருவருக்குமே மெமோ வரவில்லை, எனக்கு மட்டும் உடனே லீவும் பிறகு ஏட்டுப் பட்டையும் வந்தன.