இரங்கல் அக்கா

ஊரில் அவளுக்கு ‘இரங்கல் அக்கா’ என்று பெயர். உள்ளூர் நாளிதழின் முன்னறையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மரண அறிவிப்புகளை எழுதி வாங்குவது அவள் வேலை. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், "அக்கா, இப்போதைக்கு என்னைப் பார்க்காதீங்க" என்று ஒதுங்குவார்கள். "உங்களுக்கு இன்னும் இடம் ஒதுக்கலை, போங்க" என்பாள் அவளும்.

மூன்று தலைமுறையாக வரும் பத்திரிகை. வெள்ளத்தில் அச்சுக்கூடம் மூழ்கியபோதுகூட ஒற்றைத் தாளாக வெளிவந்தது. அதிலும் இரங்கல் இருந்தது. மற்ற பக்கங்களை நம்பாதவர்களும் அந்தப் பக்கத்தை நம்பினார்கள். வீட்டார் சொல்வதுதான் அச்சாகும் என்பது நிறுவனர் காலத்து விதி. பிசகினால் மறுநாள் அதே இடத்தில் திருத்தம் வரும். ஒருமுறை யாரோ இரக்கப்பட்டு ஒருவருடைய இரண்டாம் மனைவியையும் சேர்த்துவிட, ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று மறுநாளே திருத்தம் வந்தது. அந்தப் பெண் அதன்பிறகு ஊரில் தலைகாட்டவில்லை.

ஒருநாள் மத்தியானம் வந்து நின்றவன் அவள் தம்பி. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு அவள் வெளியேறியதிலிருந்து அவன் பேசியதில்லை.

"அறிவிப்பு ஒண்ணு குடுக்கணும்."

பழக்கத்தில் பேனாவை எடுத்துவிட்டாள். "யாருக்கு?"

"அப்பாவுக்கு."

பேனா தாளிலேயே நின்றது. "எப்படா?"

"காலைல. தூக்கத்துலயே." அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எழுதிக்கோங்க."

எழுதினாள். வாசித்தும் காட்டினாள். எத்தனையோ வீட்டுச் சாவை வாசித்த குரல், பிசகவில்லை. "ஓய்வு பெற்ற சர்வேயர் காலமானார். துயரத்துடன் மனைவி, மகன், மருமகள், பேரன்." நிமிர்ந்தாள். "மகள்?"

"அம்மா வேணாம்னுட்டாங்க."

"நீ என்னடா சொல்ற?"

"நான் என்னக்கா சொல்றது?" வாய்தவறி அக்கா என்றுவிட்டவன், உதட்டைக் கடித்துக்கொண்டான். "எழுதினது சரியா இருக்கு. வரேன்."

உள்ளே இருந்த ஆசிரியர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "ஒரு வார்த்தைதானேம்மா, சேர்த்துடு. கேட்டா என் தப்புன்னு சொல்லிக்கறேன்."

சேர்த்தாள். சேர்த்த சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இதைப் பார்ப்பாள்; தம்பியைத் திரும்ப அனுப்புவாள். நாளை மறுநாள் இதே இடத்தில் கட்டம் கட்டி வரும்: ‘அன்னாருக்கு மகள் இல்லை.’ அதை எழுதி வாங்கப்போவதும் அவள்தான். பெயர் விட்டுப்போனால் ஊர் எதையாவது நினைத்துக்கொள்ளும். இல்லவே இல்லை என்று அச்சாகிவிட்டால்?

அந்தச் சொல்லை அடித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினாள்.

மறுநாள் லீவு போடவில்லை. என்ன காரணம் எழுதுவது? காலையில் போன் அடித்தது. பார்வை போய்விட்ட பழைய தபால்காரர். தினமும் கூப்பிட்டு இரங்கல் பக்கத்தை வாசிக்கச் சொல்பவர். அவளுடைய குரலைத் தவிர அவளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

"இன்னைக்கு யாரும்மா டிக்கெட் வாங்கினது?"

வாசித்தாள்.

"அடடா, சர்வேயரா! அவர் வீட்டுக்கு எவ்வளவு தபால் குடுத்திருக்கேன். ஒரு பொண்ணு இருந்துச்சே, ஓடி வந்து வாங்கும். அதைப் போடலியா?"

"இதுல இல்லைங்க."

"அப்போ அது முன்னாடியே போயிடுச்சு போல. பாவம், சின்ன வயசு."

அவள் விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினாள்.

"அடுத்ததை வாசிக்கட்டுங்களா?"