விழுதன் கூப்பிட்ட ஓட்டி

இடது காதைப் பொத்தி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ‘ஓ’ என்று எடுத்தாரானால், பாடி மேம்பாலத்தின் அடியில் லாரிக்காரர்களே ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். செங்கல்வராயனுக்கு அதில் கொள்ளைப் பெருமை. ஷேர் ஆட்டோவுக்கு ஆள் கூப்பிடுவது தொழில். அம்பத்தூர் ஓ.டி. என்ற ஊர்ப்பெயரில் அம்பத்தூரை அவர் என்றைக்கோ விழுங்கிவிட்டார். மிச்சமுள்ள ‘ஓட்டி’யை இழுத்து, நடுவில் தொண்டையை ஒரு புரட்டுப் புரட்டி, “ஓஓஓ...ட்டீ... ய்யோட்டீஈஈ!” என்று முடிப்பார்.

சட்டைப்பையில் எப்போதும் பனங்கற்கண்டு. ஐஸ் போட்ட எதையும் தொடமாட்டார். வீட்டிலோ மனிதர் வாயே திறப்பதில்லை. “ரோட்டாண்ட எட்டூருக்குக் கத்துது இந்த ஆளு. ஊட்டுக்கு வந்தா சோறு கேக்கக்கூட சைகதான்” என்பது மனைவி வேம்புலியம்மாளின் நிரந்தரப் புகார்.

அந்தத் தொண்டைக்கு வந்தது பாருங்கள் யோகம்! விழுதனைத் தெரியாதவர் உண்டா? ஆலம் விழுதைப் பிடித்து ஆடி வந்து, புலி முன்னால் குதித்து, ஒரு கூவலில் காட்டையே கூட்டுவானே, கறுப்பு வெள்ளைக் காலத்துக் காட்டுவீரன், அவனேதான். அவனைப் பல நூறு கோடியில் மறுபடி எழுப்பினார்கள். சென்னீர்குப்பத்தைத் தாண்டி ஒரு பெரிய கொட்டகைக்குள் காடே முளைத்தது. எல்லாம் கிடைத்தது, கூவல் மட்டும் அமையவில்லை. பாடகர்கள் கத்திப் பார்த்தார்கள், மிமிக்ரிக்காரர்கள் கத்திப் பார்த்தார்கள், ஒன்றும் தேறவில்லை. ஒருநாள் பாடியில் ஆட்டோ ஏற வந்த உதவி இயக்குநர் பவித்ரா, செங்கல்வராயன் குரலைக் கேட்டதும் ஏறாமல் நின்றுவிட்டாள். மறுநாளே அவரை ஒலிப்பதிவுக்கு அழைத்துப் போனாள்.

அங்கே இயக்குநர், “காடு அதிரணும்” என்றார். கத்தினார். ஆடு கத்தியது. மறுபடி கத்தினார். கிடாய் கத்தியது. பவித்ராவுக்கே அழுகை வந்துவிட்டது. “அண்ணா, காட்டை வுடுங்க. உங்க பாட்டுக்குக் கூப்புடுங்க” என்றாள். காதைப் பொத்தினார், கண்ணை மூடினார். வந்தது பழகிய சத்தம். வாய் மூடிய பிறகுதான் பகீரென்றது. “ஐயையோ, பயக்க தோசத்துல ஓட்டிய கூப்ட்டேம்மா!”

இயக்குநர் திருநெல்வேலிக்காரர். அவருக்கு அதில் ஊரும் தெரியவில்லை, ஆட்டோவும் தெரியவில்லை. “இதுதாம்யா விழுதன்!” என்று துள்ளினார்.

செங்கல்வராயன் சும்மா இருப்பாரா? ஸ்டாண்டு முழுக்கத் தம்பட்டம். முன்னோட்டம் வந்தது, அதில் கூவலே இல்லை. டிரைவர் ஜேம்ஸ் பிடித்துக்கொண்டான். “இன்னா நைனா, உன் கொரல தூக்கிட்டு வெள்ளக்காரன் கொரல போட்டுகினாங்களாமே!” ஊர் சிரித்தால் நாளைக்கு எந்த முகத்தோடு நின்று கூப்பிடுவது? இரண்டு நாள் தொண்டையே கட்டிக்கொண்டது. “போடலன்னா போவட்டும்யா. நான் தெனம் கேட்டுகினுதான கீறேன்” என்று வேம்புலியம்மாள் சுக்குக் கஷாயத்தை நீட்டினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் நாள் முதல் காட்சி. ஸ்டாண்டே அம்பத்தூர் தியேட்டரில் இருந்தது, வேம்புலியம்மாளும்தான். இடைவேளைவரை விழுதன் தாவினான், அடித்தான், காதலித்தான். கூவவில்லை. ஜேம்ஸ் திரும்பித் திரும்பிப் பார்த்தான். செங்கல்வராயன் நாற்காலியில் பாதியாகச் சுருங்கிப்போனார்.

பிறகு காடு எரிந்தது. விழுதன் மலையுச்சியில் ஏறி, மார்பை விரித்து, வாயைத் திறந்தான்.

“ஓஓஓ...ட்டீ... ய்யோட்டீஈஈ!”

ஜேம்ஸ்தான் முதலில் நாற்காலிமேல் ஏறிக் குதித்தான். “டேய், நம்ம ஓட்டிடா! நம்ம நைனாடா!” அவ்வளவுதான், பால்கனியிலிருந்து முன்வரிசைவரை ஒரே கூவல், ஒரே விசில். விழுதன் கூப்பிட்டது யானைகளை. எழுந்து வந்ததோ அம்பத்தூர்! வேம்புலியம்மாள் சிரித்தாளா அழுதாளா, முந்தானைக்குள் யார் கண்டார்?

செல்போன் வெளிச்சங்கள் அவர் முகத்தில் வந்து விழுந்தன. செங்கல்வராயன் மெதுவாக எழுந்தார். ஓர் இருக்கைகூடக் காலியில்லாத அரங்கத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு குனிந்து, வண்டி நிரம்பியதும் டிரைவருக்குத் தட்டுவதுபோல, முன்சீட்டின் முதுகில் ‘டப் டப்’ என்று தட்டினார்.