சொர்க்கவாசலும் செட்டாப் பாக்ஸும்

கேபிள் டிவி டிஜிட்டலுக்கு மாறப்போகிறது, வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வைத்தாக வேண்டும் என்று முதலில் செய்தி வந்தபோது எங்கள் தெருவே கவலைப்பட்டது. நான் படவில்லை. அரசாங்கம் கெடுவைத் தள்ளிப்போடும் என்றேன். தள்ளிப்போட்டார்கள். மறுபடி சொன்னேன், மறுபடி தள்ளிப்போட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் எனக்கு ஒரு சின்ன ஜோசியப் புகழே வந்துவிட்டது.

இதற்கிடையே பழைய இணைப்பில் சேனல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இங்கிலீஷ் படம் போயிற்று, வருத்தமில்லை. சமையல் போயிற்று, மனைவி சந்தோஷப்பட்டாள். கடைசிவரை தாக்குப்பிடித்தது கோயில் விழாக்களைக் காட்டும் உள்ளூர் கேபிள் சேனல். எங்களுக்கு அது போதும். அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆன வருஷம் அது. வைகுண்ட ஏகாதசி விடியற்காலையில் பரமபத வாசல் என்கிற சொர்க்கவாசல் திறப்பதை ஒரு வருஷமும் விடாமல் நேரில் சேவித்தவள், கோயில் இரண்டு தெரு தள்ளி இருந்தும் அந்த முறை டிவியில்தான் சேவிக்க வேண்டும். "நான் பார்த்துக்கறேம்மா" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஏகாதசிக்கு முந்தின நாள் காலை அந்தச் சேனலும் போயிற்று. திரை முழுக்கப் புள்ளி, இரைச்சல்.

"என்னடா இது?" என்றாள் அம்மா.

"மேகமூட்டம்மா. சரியாயிடும்."

மார்கழி வெயில் ஜன்னல் வழியாக வந்து டிவி மேலேயே அடித்துக்கொண்டிருந்தது.

கேபிள்காரர் கடைக்கு ஓடினேன்.

"போன மாசமே வீடு தேடி வந்தேன்ல சார்? நீங்கதான், அதெல்லாம் தள்ளிப்போடுவாங்க, போய்க் காபி குடின்னு அனுப்பிச்சீங்க."

"குடிச்சியா?"

"குடிச்சேன் சார். பாக்ஸ் தீர்ந்துபோச்சு. திருவெறும்பூர்ல என் மச்சான்கிட்ட ஒண்ணு இருக்கும், போறீங்களா?"

ஊரே ஸ்ரீரங்கத்துக்குள் வந்துகொண்டிருந்தது. அத்தனை கூட்டத்துக்கும் எதிராக, காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரில் வெளியே போன ஒரே பக்தன் நான்தான். திருவெறும்பூரில் மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

"வேண்டுதல்" என்றேன்.

சாயங்காலம் கேபிள்காரர் வந்து பாக்ஸை மாட்டினார். கோயில் சேனலில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. "பட்டர் காதுல கடுக்கன்கூடத் தெரியறதே!" என்று அம்மா அசந்துபோனாள்.

விடியற்காலை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அம்மா குளித்து, நாற்காலியில் உட்கார்ந்து, கைகூப்பித் தயாராக இருந்தாள். திரையில் மூடிய கதவு. நான் சும்மா இருந்திருக்கலாம். வேதபாராயணம் மெதுவாகக் கேட்கிறதே என்று புது ரிமோட்டை எடுத்து, சத்தத்தைக் கூட்டினேன். கதவு போய் நகைக்கடை வந்தது. பதறி இன்னொன்றை அழுத்தினேன். யாரோ இரண்டு பேர் மல்யுத்தம் செய்தார்கள். அடுத்து வங்காளத்தில் செய்தி. நூற்றுக்கணக்கில் சேனல், கோயில் சேனலின் நம்பர் மட்டும் எனக்குத் தெரியாது.

"அமுக்கினதையே திரும்ப அமுக்குங்கோன்னா!" என்றாள் மனைவி.

"எதை அமுக்கினேன்னு தெரிஞ்சா அமுக்க மாட்டேனா?"

அப்போது ஜன்னலுக்கு வெளியே கோயில் பக்கமிருந்து எழுந்தது அந்த முழக்கம். "ரங்கா! ரங்கா!" வாசல் திறந்தாகிவிட்டது.

அம்மா டிவியிலிருந்து முகத்தைத் திருப்பி, ஜன்னலைப் பார்த்துக் கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. நான் கைக்கு வந்த பட்டனையெல்லாம் அழுத்தினேன். எதில் பட்டதோ, சட்டென்று கோயில் வந்தது.

கதவு மூடியே இருந்தது.

"அம்மா! கண்ணைத் திற! இன்னும் திறக்கலை!"

அவள் திரும்பிய நொடியில் திரையில் கதவு திறந்தது. ரத்னாங்கி என்கிற ரத்தினக் கவசத்தில் நம்பெருமாள் வெளியே வந்தார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது. எனக்கும்தான், எனக்கு அது பயத்தில்.

எல்லாம் அடங்கியபிறகு கேட்டாள். "அங்கே அப்போவே திறந்தாச்சேடா?"

"டிஜிட்டல்மா. கோயில்லேர்ந்து எங்கெங்கேயோ சுத்திட்டு, கொஞ்சம் தாமதமாத்தான் வரும்."

"உன்னைத் தெரிஞ்சுண்டுதான் ரங்கன் இப்படிச் செஞ்சிருக்கான்" என்றாள் அம்மா. "அந்த ரிமோட்டை அவகிட்ட குடு."

கொடுத்தேன்.