கைப்பந்துக்குப் பெயர் கொடுத்தவள்

விடத்தல்தீவு வின்சன்ட்டுக்கு எடித் என்று ஒரு தங்கச்சி இருந்தாள். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் சனம் கடல் கடந்து இந்தியாவுக்கு ஓடியபோது, வள்ளத்திலேயே காய்ச்சல் கண்டு செத்துப்போனாள். இரண்டு வருடம் கழித்து மண்டபம் அகதி முகாமில் வின்சன்ட்டுக்குப் பெண் பிள்ளை பிறந்தபோது அவன் யோசிக்கவேயில்லை. அந்தப் பெயரையே வைத்தான். அந்த வீட்டில் பெயர்களை வீணாக விடுவதில்லை.

இந்த எடித்துக்கு மூத்தவன் ரொபின்சன். பன்னிரண்டு வயது மூப்பு. பிறந்தது ஊரில், வளர்ந்தது முகாமில். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கப் போவான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, குடிசைகளுக்குப் பின்னாலிருந்த வெளியில் இரண்டு கம்பு நட்டு, தகப்பன் பழைய மீன்வலையில் முடிந்து கொடுத்த வலையை இழுத்துக் கட்டுவான். "எடித், கைப்பந்து விளையாட வாறியா?" என்று அவன் கூப்பிட்டால் அவள் சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடுவாள். பொம்பிளைப் பிள்ளையை ஏன்டா இழுக்கிறாய் என்று கூட்டாளிகள் கேட்டால், "அவ எடுக்கிற பந்தை நீ ஒண்ணு எடுத்துக் காட்டு, பாப்பம்" என்பான்.

இராமநாதபுரத்தில் ஒரு மாடிக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்து அவன் செத்தான். எடித்துக்கு அப்போது பதினாறு வயது. அதற்குப் பிறகு அவள் பந்தைத் தொடவில்லை. வீட்டில் பந்து என்று சொன்னாலே தாய் மேரி ரோஸ் எழுந்து வெளியே போய்விடுவாள்.

யுத்தம் முடிந்து சனம் திரும்பத் தொடங்கியபோது அவர்களும் ஊருக்கு வந்தார்கள். மகனின் குழியை அங்கே விட்டுவிட்டு மேரி ரோஸ் எப்படி வந்தாள் என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

ஊரில் எடித்தைக் காட்டிக்கொடுத்தது அவளுடைய நாக்குத்தான். வாயைத் திறந்தால் போதும், "இந்தியாக்காரி கதைக்கிறாள், கேளுங்கோ" என்று பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள். ஒவ்வொரு சொல்லாக மாற்றினாள். நாற்காலி கதிரையாயிற்று, பீரோ அலுமாரியாயிற்று, ஆமா ஓமாயிற்று. பரீட்சையெல்லாம் இங்கே முதலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டுப் போனபோது கூடப் படித்தவர்களுக்கு அவள் மூத்தவள். ஆனாலும் மேல் வகுப்புப் பிள்ளைகளை, வயதில் இளையவர்களாக இருந்தாலும், அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும்.

அப்படி ஒரு அக்காதான் ஹம்சிகா. வெள்ளாங்குளத்தில் வயல் செய்யும் கமக்காரர் வீட்டுப் பிள்ளை, வாய்க்காரி. பீடங்களுக்கிடையிலான போட்டிக்கு ஆள் சேர்க்க விடுதிக்கு வந்து, "கைப்பந்துக்கு ஆரடி வாறியள்?" என்று சத்தம் போட்டாள்.

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு காதில் விழுந்த சொல். எடித் எழுந்தே விட்டாள். "நான் வாறன் அக்கா."

மறுநாள் உள்ளரங்குக்குப் போனாள். பலகைத்தளம் கோயில் மாதிரி மினுங்கியதைப் பார்த்து வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். உள்ளே வலை இல்லை. அந்தத் தலைப்பில் ஒரு கோல் கம்பம், இந்தத் தலைப்பில் ஒன்று. பிள்ளைகள் பந்தைக் கையால் பிடித்து ஓடி ஓடி எறிந்துகொண்டிருந்தார்கள். பக்கக் கதவால் பார்த்தாள். வெளியே வெறுந்தரையில் வலை கட்டி, ரொபின்சனின் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது.

"அங்க விளையாடுறது என்ன?" என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்.

"அது கரப்பந்தெல்லோ," என்றாள் அவள், இதுவும் தெரியாதா என்கிற மாதிரி.

பெயர் மாறிப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்தியாக்காரி என்று திரும்பவும் சிரிப்பார்களே என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரியது இன்னொன்று. அங்கிருந்து கொண்டுவந்த சொல்லையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டாள். கரப்பந்து என்று வாயைத் திறந்து கேட்டால் இதுவும் போய்விடும். பிறகு ரொபின்சனுடையது என்று என்ன மிஞ்சும்? அவனுடைய விளையாட்டு வேண்டுமென்றால் அவனுடைய சொல்லை விட வேண்டும். அவள் சொல்லை வைத்துக்கொண்டாள்.

கோல் கம்பத்துக்கு முன்னால் அவளை நிறுத்தினார்கள். பந்து வந்தால் பிடிக்கமாட்டாள். இரண்டு கையையும் நீட்டிச் சேர்த்து மேலே எழுப்பிவிடுவாள். உடம்பு வேறொன்றும் பழகவில்லையே.

"ஏனடி, பந்தைக் கண்டா கும்பிடுறாய்? அதென்ன மடு மாதாவோ?" என்று ஹம்சிகா கேட்க, அரங்கே சிரித்தது. எடித்தும் சிரித்தாள். அன்று விடுதியில் அவள் சாப்பிடவில்லை.

தவக்காலத்து விடுமுறையில் ஊருக்குப் போனாள். வின்சன்ட் முற்றத்தில் குந்தியிருந்து வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவளும் பக்கத்தில் குந்தினாள்.

"அங்கை விளையாட்டுக் கிளையாட்டுக்கும் போறனியோ?"

"கைப்பந்துக்குப் பேர் குடுத்தேன்ப்பா." தகப்பனோடு மட்டும் அவளுக்குப் பழைய நாக்கு வரும். "ஆனா இங்க கைப்பந்துன்னா வேற. அண்ணா விளையாடினதுக்கு இங்க பேரு கரப்பந்தாம்."

வின்சன்ட்டின் கை நின்றது.

"எனக்குத் தெரியாதோ பிள்ளை? கோயில் வளவிலை நாங்கள் விளையாடினது கரப்பந்துதானே. கொண்ணன் ரொபின்சனும் அப்பிடித்தான் சொன்னவன். மண்டபத்திலை பள்ளிக்கூடத்திலை சேத்த புதுசிலை, கரப்பந்து விளையாடுவமோ எண்டு பொடியளைக் கேட்டிருக்கிறான். அதென்ன, கரப்பான் பூச்சியை வைச்சு விளையாடுறதோ எண்டு சிரிச்சுப்போட்டாங்கள். கரப்பான் எண்டு பட்டமும் வைச்சவங்கள். அழுதுகொண்டு வந்தவன். அதோடை அந்தச் சொல்லை விட்டிட்டான்."

அடுப்படியிலிருந்து மேரி ரோஸ் கேட்டாள்: "எனக்கு இதை ஒருத்தரும் சொல்லேல்லையே?"

"அம்மாக்குச் சொல்லவேண்டாம் எண்டவன்."

மேரி ரோஸ் வாசலுக்கு வந்து நின்றாள். இந்த முறை அவள் வெளியே போகவில்லை. "பத்து வயசுப் பிள்ளை," என்றாள். வின்சன்ட் நண்டைக் கழற்றத் தொடங்கினான். அண்ணனுடையது என்று தான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது, அண்ணன் பயந்து எடுத்துக்கொண்ட சொல் என்பது அப்போதுதான் எடித்துக்கு விளங்கியது.

விடுமுறை முடிந்து போனவள் நேரே வெளி மைதானத்துக்குப் போனாள். கரப்பந்துக் குழுவுக்குத் தலைவி யதுர்சிகா.

"அக்கா, நான் கரப்பந்து விளையாட வேணும்."

"நீர் ஹம்சிகாவின்ர கோல் கீப்பரெல்லே?"

"பேர் மாறிப்போச்சு அக்கா. மண்டபம் முகாமிலை நாங்கள் இதைத்தான் கைப்பந்து எண்டு சொல்லுறனாங்கள்."

பின்னால் இரண்டொருத்தி சிரித்தார்கள். யதுர்சிகா சிரிக்கவில்லை. "ஆள் நிறைஞ்சுபோச்சே. இப்போதைக்கு வெளியிலை நிண்டு பந்து பொறுக்குவீரோ?"

"ஓம்."

பொறுக்கினாள். போட்டியன்றும் பொறுக்கிக்கொண்டுதான் நின்றாள். நடுவில் ஒருத்திக்குக் கால் பிரண்டுவிட, யதுர்சிகா திரும்பி அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். எடித் வெறுங்காலோடு இறங்கினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்த பந்து நிலத்தைத் தொடப்போன நேரம், முழங்கால் மண்ணில் உரச விழுந்து, இரண்டு கையையும் சேர்த்து மேலே எழுப்பினாள். பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஹம்சிகாவின் குரல்தான் முதலில் கேட்டது: "கும்பிடடி எடித்! நல்லாக் கும்பிடு!"

ஆட்டத்தில் தோற்றார்கள். அது அப்படித்தான், எதிர்ப்பக்கம் கெட்டிக்காரப் பிள்ளைகள்.

எல்லாரும் போனபிறகு எடித் வலையை அவிழ்க்கப் போனாள். யதுர்சிகா தண்ணீர்ப் போத்தலோடு வந்து நின்றாள்.

"ஆர் பழக்கினது?"

"அண்ணா. ரொபின்சன். விடத்தல்தீவில பிறந்தவர்."

"இப்ப எங்கை இருக்கிறார்?"

எடித் கயிற்று முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "மண்டபத்திலை," என்றாள். பிறகு, "செத்துப்போனார்," என்றும் சொன்னாள்.

யதுர்சிகா போத்தலைக் கீழே வைத்துவிட்டு, மற்றக் கம்பத்துக்குப் போய் அந்தப் பக்கக் கயிற்றை அவிழ்த்தாள்.