மாதிரிக்குக் காட்டிய கணக்கு

ஆரணியில் வரிக் கணக்கு எழுதுகிற எல்லோருக்கும் ஆடிட்டர் என்றுதான் பெயர். நான் பி.காம். முடித்து வரி ஆலோசகராகப் பதிவு செய்துகொண்டவள். சி.ஏ. பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. ஆனாலும் பஜாரில் நான் ஆடிட்டரம்மாதான். ஜரிகைக் கடைக்கு மேலே ஒரே அறை, ஒரு மேசை, சுவர் முழுக்க அலமாரி. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டு வியாபாரிகள், அதுவும் ஒரே தெருவில் எதிரும் புதிருமாகக் கடை போட்டவர்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொருவர் முதல் ஆளாக நின்று பந்தி விசாரிப்பார். அதே மனிதர் இந்த வருடம் எவ்வளவு லாபம் காட்டினார் என்று தெரிந்துகொள்ள மற்றவருக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

அந்த அரிப்பைச் சொறிந்துவிடாமல் இருப்பதுதான் என் தொழில். ஒவ்வொருவர் காகிதத்தையும் தனித்தனித் துணியில் கட்டி வைப்பேன். மேலே பெயர் எழுத மாட்டேன், துணியின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம். ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவர் படியேறும் சத்தம் கேட்டால் கட்டை மூடிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். மே மாதத்தில்கூட மழையைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் கழித்து, கொஞ்சம் பெரிய கடைக்காரர்கள் இனி இணையம் வழியாகத்தான் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. நானோ கையால் எழுதியே பழகியவள். ஒரு பொத்தானைத் தப்பாக அழுத்தி ஒருவர் கணக்கு இன்னொருவர் பெயரில் போய்விட்டால் என்ன செய்வது என்று சோறு இறங்காமல் கிடந்தேன். சாஃப்ட்வேர் வாங்கினால் எல்லாம் சுலபம் என்றார்கள். வாங்கத்தான் வேண்டும். எதை வாங்குவது?

முதலில் வந்தவர் நடுத்தர வயதுக்காரர். பஸ்ஸில் வந்து வேர்க்க விறுவிறுக்கப் படியேறினார். அவர் காட்டிய சாஃப்ட்வேர் அழுது வடிந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். மாதிரிக்கு என்று அவர் காட்டிய கணக்குகளில் ஏபிசி டிரேடர்ஸ், எக்ஸ்ஒய்இசட் அண்ட் சன்ஸ் என்றெல்லாம் வாய்க்கு வந்த பெயர்கள். லாபம் ஒரு லட்சம், செலவு ஒரு லட்சம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டாவதாக வந்த இளைஞர் சென்னையிலிருந்து. மடிக்கணினி, இஸ்திரி கலையாத சட்டை. முன்பே போனில் பேசி, என் பார்ட்டிகளின் பெயர், பான் எண், போன வருடக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு சி.டி.யில் போட்டு வைக்கச் சொல்லியிருந்தார். எடுத்துப்போய் அவர்களே ஏற்றிக் கொடுத்துவிடுவார்களாம். நானும் போட்டு வைத்திருந்தேன்.

அவர் வந்த நேரம், என்னிடம் வெகுகாலமாக வரும் வியாபாரி ஒருவர் கையெழுத்துப் போட வந்திருந்தார். பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் நிறைய வீடுகளுக்குத் தறி வேலை கொடுப்பவர். பேச்சு குறைவு, கண் மட்டும் சும்மா இருக்காது. புதுசா இருக்குதே, நானும் பாக்கறேனே என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இளைஞர் மடமடவென்று காட்டினார். எல்லாம் மின்னல் வேகம். நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். சி.டி.யைக்கூட எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன்.

அப்போது வியாபாரி திரைக்குப் பக்கமாகக் குனிந்தார். "இது வேலூர்ல இருக்கற கடையாச்சே. எங்கிட்டதான் பொடவ எடுக்கறாங்க. நஷ்டமா போட்டுகினு இருக்குது?"

நான் திரையைப் பார்த்தேன். கடைப் பெயர், பங்குதாரர்கள் பெயர், வங்கிக் கணக்கு எண், நஷ்டம். அத்தனையும் நிஜம்.

"இது யாரோட டேட்டா?" என்றேன்.

"வேலூர்ல நம்ம கஸ்டமர் ஒரு ஆடிட்டர், மேடம். பெரிய பிராக்டிஸ். ரியல் டேட்டாவா இருந்தா உங்களுக்கு நல்லா புரியும்ல."

சி.டி.யை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அவரை அனுப்பினேன். வியாபாரியும் எழுந்து போனார். வைத்த டீயை அவர் தொடவில்லை.

விசாரித்து அந்த வேலூர் ஆடிட்டருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "உங்ககூட வேற யாருனா பாத்தாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். போன் வைக்கப்பட்டது.

அதன்பின் படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்குத் திக்கென்றது. அந்த வியாபாரி வந்து தன் கணக்குக் கட்டைத் திருப்பிக் கேட்பார், அவர் போனால் தெருவே பின்னால் போகும், அறையைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டியதுதான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் வந்த மனிதரைக் கூப்பிட்டு அந்த அழுமூஞ்சி சாஃப்ட்வேரையே வாங்கினேன். மாதிரிக்குப் பொய்ப் பெயர்களைக் காட்டியதைத் தவிர வேறு எந்தச் சிறப்பும் அதற்குக் கிடையாது. பார்ட்டிகள் பெயரை நானே ஒவ்வொன்றாக அடித்தேன். அவர் ஏற்றித் தரவா என்று கேட்டபோது வேண்டாம் என்று கத்தியேவிட்டேன். பாவம், பயந்துபோனார்.

கெடு தேதி நெருங்கியபோது வியாபாரி வந்தார். உட்கார்ந்ததும், "அந்த வேலூர் கடைலேர்ந்து பொடவ எடுக்க ஆளு வந்தாங்க. சரக்கு இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

முகம் தெரியாத ஒரு கடைக்குச் சரக்கு நின்றுபோனது, என் மேசைமேல் நாலு நிமிடம் ஒரு திரை வெளிச்சமாக இருந்ததனால்.

"என் கணக்க மட்டும் பேப்பர்லயே எழுதிடுங்க" என்றார் அவர்.

"முடியாதுங்க. இனிமே இதுலதான் அனுப்பணும். ஒப்புகைத் தாள்ல மட்டும் நீங்க கையெழுத்து போட்டா போதும்."

நான் அவர் கணக்கைத் தேடிப் பெயர்ப் பட்டியலைத் திறந்தேன். அவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்து என் பின்னால் நின்றார். தன் பெயரைத்தான் தேடுகிறார் என்று நினைத்தேன். அவர் கண் அதைத் தாண்டிக் கீழே போனது. எதிர்க்கடைக்காரர் பெயரில் வந்து நின்றது.

"இவுரு எவ்ளோ காட்டிகிறாரு? சும்மா, ஒரு தபா பாத்துக்கறேன்."

இத்தனை வருடப் பழக்கம். இவர் கோபித்துக்கொண்டு போனால் நான் பயந்ததெல்லாம் நடந்துவிடும். இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் திரைமேல் வைத்தேன்.

"போய் ஒக்காருங்க" என்றேன்.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகப் போய் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எங்க கையெழுத்து போடணும், சொல்லுங்க."