என் வகுப்புத் தோழன் வாங்கிய கம்பெனி

கெலமங்கலம் அரசுப் பள்ளியில் என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவன் எங்கள் கம்பெனியை வாங்குகிறான் என்று தெரிந்த அன்று, ஆபீஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

அவன் அப்பாவுக்குத் தக்காளி மண்டி. வீட்டில் தெலுங்கு, மண்டியில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவன். கணக்கில் கெட்டி. நல்ல பையனும்கூட. நான் டைபாய்டில் படுத்திருந்தபோது, விட்டுப்போன பாடங்களைச் சொல்லிக்கொடுக்கச் சைக்கிள் மிதித்து வந்தான். அப்புறம் சென்னை, மும்பை, அமெரிக்கா என்று போய்விட்டான். எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் அவ்வப்போது அவன் படம் வரும், கோட்டு போட்டு ஏதோ ஒரு மாநாட்டு மேடையில். பிரைவேட் ஈக்விட்டி என்றார்கள். பணமுள்ளவர்களிடம் பணத்தைத் திரட்டி, கம்பெனிகளை வாங்கி, சில வருடம் வைத்திருந்து, கூடுதல் விலைக்கு விற்கிற தொழில். “மண்டிக்காரர் பையன் மண்டிதான் வெச்சிருக்கான், சரக்குதான் வேற” என்று குழுவில் ஒருவர் எழுதினார். எல்லோரும் சிரித்தோம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நான் ஓசூரில் வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில், பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்தேன். ரப்பரை அச்சில் அழுத்தும் பிரஸ் ஷாப்பில் பாதிக்கு மேல் பெண்கள். கேன்டீனை ஒட்டி அவர்களுடைய குழந்தைகளுக்கென்று ஓர் அறை இருந்தது, கிரீச் என்போம். தொட்டில்கள், பாய்கள், ஓர் ஆயா, வேளைக்குப் பால். பழைய முதலாளி ஒன்றும் மகான் இல்லை. சம்பளம் ஏற்றச் சொன்னால் கத்துவார். ஆனால் அந்த அறையில் பால் வரத் தாமதமானால் அதற்கும் அதே சத்தத்தில் கத்துவார்.

கைமாறிய பிறகு என் தோழன் ஒரே ஒரு தடவை வந்தான். எல்லோரையும் ஷெட்டில் நிற்கவைத்து, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று ஆங்கிலத்தில் பேசினான். என்னைப் பார்த்ததும், “ஏய், நீயா! இங்கதான் வேலை செய்றியா?” என்று சிரித்தான். அவனை நீ என்பதா, சார் என்பதா என்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

அடுத்த மாதமே மும்பையிலிருந்து ஓர் இளைஞரை அனுப்பினார்கள். தமிழ் பேசுகிறவர்தான். சத்தம் போட மாட்டார், எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். பிரஸ் ஷாப் பெண்களை ஒரு காண்ட்ராக்டர் பெயருக்கு மாற்றிவிட வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

“லேடீஸ் எண்ணிக்கை குறைஞ்சா கிரீச் நடத்தணும்னு கட்டாயம் இல்ல மேடம்.”

“ஆளுங்க எங்க சார் குறையறாங்க? அதே பொம்பளைங்கதானே அதே மெஷின்ல நிக்கப் போறாங்க?”

“பேப்பர்ல குறையும்.”

முடியாது என்றேன். என்னை ரிசப்ஷனுக்கு மாற்றிவிட்டு, வேறொருவரை வைத்து வேலையை முடித்தார்கள். குழந்தைகள் அறை சாம்பிள் வைக்கும் அறையானது. தொட்டில்களைப் பழைய இரும்புக்காரர் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனதை ரிசப்ஷன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிரஸ் ஷாப்பில் ஓர் அக்கா இருந்தாள். சூளகிரிப் பக்கம், கணவன் விட்டுவிட்டுப் போனவள். ஒன்றரை வயதுப் பையனை அதுவரை கம்பெனியில்தான் விட்டுவந்தாள். அறையை மூடியதும், அவனைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்திக்குக் காசு கொடுத்தாள். ஒருநாள் ஷிப்ட் பாதியில் கரண்ட் போய் முன்னதாகவே வீட்டுக்குப் போனபோது, பையன் கட்டில் காலில் புடவைத் துணியால் கட்டப்பட்டிருந்தான். ஓடிவிடுகிறானாம், அந்தக் கிழவிக்குத் துரத்த முடியவில்லையாம்.

மறுநாள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ரிசப்ஷனுக்கு வந்தாள். அவன் கணுக்காலில் ஒரு சிவப்புத் தடம்.

“பாரும்மா, ஆட்டைக் கட்டற மாதிரி கட்டிப்போட்டுக்கீறா. அவள என்னான்னு கேக்கறது? அவளே நடக்க முடியாதவ.”

பிறகு தெலுங்கில் திட்டினாள். யாரைத் திட்டுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. காண்ட்ராக்டரையா, மும்பை இளைஞரையா, என்னையா? எனக்குத் தெரியும், யாரை என்று. ஆனால் என் தோழன் எங்கோ ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தான். அன்றோடு அக்கா வேலையை விட்டாள்.

சில வருடங்களில் கம்பெனியை ஒரு வெளிநாட்டுக்காரருக்கு விற்றான். நஷ்டத்தில் தள்ளாடியதைத் தூக்கி நிறுத்தியவன் என்று பத்திரிகையில் எழுதினார்கள். நாங்கள் எந்தக் காலத்திலும் தள்ளாடியதில்லை. நானும் வெளியே வந்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தேன்.

போன வருடம் அவனுடைய அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். வேலைக்குப் போகும் தாய்மார்களுக்காகச் சூளகிரியில் குழந்தைகள் காப்பகம் திறக்கிறார்களாம். அவன் அம்மாவின் பெயரில்.

“சாரோட ஸ்கூல் ஃப்ரெண்ட்னு நீங்க ரெண்டு நிமிஷம் பேசணும் மேடம். ஸ்கூல் டேஸ் மட்டும் போதும்.”

காப்பகம் என்ற சொல்லைக் கேட்டதுமே டெம்போவில் போன தொட்டில்கள்தான் நினைவுக்கு வந்தன. வருகிறேன் என்றேன்.

ஷாமியானா, வாழைமரம், மேளம். உள்ளே புதுப் பெயின்ட் வாசனையோடு வரிசையாகத் தொட்டில்கள். என்னைக் கூப்பிட்டதும் மைக் முன்னால் நின்றேன்.

“இவர் வாங்கின எங்க கம்பெனியிலும் இப்படி ஒரு ரூம் இருந்தது. தொட்டில்கூட இதே மாதிரிதான். செலவைக் குறைக்கறதுக்காக அதை மூடினாங்க. அந்தத் தொட்டிலெல்லாம் பழைய இரும்புக்குப் போச்சு. இதைத் திறக்கறப்ப அதையும் ஒருத்தர் சொல்லணும் இல்லீங்களா?”

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. தொகுப்பாளர் மைக்கை வாங்கி, உணர்ச்சிகரமாகப் பேசியதற்கு நன்றி என்றார். மேளக்காரர்கள் என்னவென்று புரியாமல் வாசிக்கத் தொடங்கினார்கள். முன்வரிசையில் எல்லோரும் போனைப் பார்த்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தலுக்குப் பின்னால் அவனே என்னைத் தேடி வந்தான். முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே குழம்பியிருந்தான்.

“அந்தப் பிளான்ட்ல கிரீச் இருந்துச்சா? எனக்குத் தெரியாதே.”

தெரிந்தே மூடினேன் என்று அவன் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

“நீ வாங்கின இடத்துல என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?”

“நான் ஃபண்டைப் பாத்துக்கறவன். எத்தனையோ கம்பெனி இருக்கு. உள்ள நடக்கறது எல்லாம் வேற டீம். நீ எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?”

“போன் பண்ணாதான் புள்ளைங்க இருக்கறது தெரியுமா?”

அவன் பெருமூச்சு விட்டான். “அதான் இப்ப ஊருக்குத் திருப்பிக் குடுக்கறேனே.”

“யாருகிட்ட எடுத்தியோ அவங்களுக்கா குடுக்கறே?”

அதற்குள் கலெக்டர் ஆபீஸ்காரர் ஒருவர் பொன்னாடையோடு வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார். அவன் அதற்கும் குனிந்து கழுத்தைக் காட்டினான்.

சாப்பிடாமல் பஸ் ஏறினேன். ஓசூர் வரும்வரை, கேட்காமல் விட்டதெல்லாம் மனதில் வந்துகொண்டே இருந்தது.

அந்த அக்காவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கைதட்டுவாள் என்று நினைத்தேன்.

“நல்லா கேட்டம்மா” என்றாள். பிறகு தயங்கியபடி, “அங்க ஆயா வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாமே? எங்க வூட்டுக்குக் கிட்டக்கதான். ஒரு வார்த்தை சொல்றியா?” என்றாள்.

போனை வைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு அறக்கட்டளைப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் பழையபடி மரியாதையாகவே பேசினாள். அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது அவள் அங்கேதான் இருக்கிறாள். பையன் பள்ளிக்கூடம் போகிறான். போன வாரம் மார்க்கெட்டில் பார்த்தபோது, “அவரு மேல கோவத்தை விடும்மா. புள்ளைங்க நல்லா தூங்குதுங்க” என்றாள்.

தூங்கட்டும். அந்தப் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவதில் எனக்கும் சந்தோஷம்தான். அதற்காக அவனுக்கு நன்றி சொல்லச் சொன்னால் மட்டும் என்னால் முடியாது.